ஒலி உறிஞ்சி – ஒன்று

மாணவனாக ஐந்து வருடம்,
ஆசிரியனாகப் பதினொன்று
அதன் முன்னால் நடந்திருக்கிறேன்.
என்ன நிறம் என்று கேட்டிருந்தால்
பழுப்பு என்றிருப்பேன்,
அதுவும் சற்று யோசித்து.

வூச் நகரம். நெசவாலைகள் பூட்டிய ஊர்.
இயந்திரவியல் கட்டடத் தரைத்தளத்தில்,
கோட்டு வாங்கி வைக்கும் மேடைக்கு எதிரே
நாலு மீட்டர் உயரம், ஏழு மீட்டர் நீளம்,
கம்பளியும் சணலும் முறுக்கி நெய்த திரை.
பெயர்த்தகட்டில் ஒரு திருகாணி போய்விட்டது.
சாய்ந்து தொங்கும் தகட்டில்
1974 மட்டும் தெரியும்.
நெய்தவர் பெயர் இருந்த இடத்தில்
சைக்கிள் சாய்த்துச் சாய்த்து விழுந்த கீறல்.

மாணவர்களுக்கு அது கரடி.
'கரடிகிட்ட நில்லு, வந்துட்டேன்.'
எத்தனை காதல், எத்தனை கடன்பாக்கி
கரடியடியில் முடிந்திருக்கும், கணக்கில்லை.

பிப்ரவரியில் ஒரு பேராசிரியரின் காலரிலிருந்து
அந்துப்பூச்சி பறந்தது.
கோட்டு மேடை வியெஸ்வாவா
அது புறப்பட்ட இடத்தை விரலால் காட்டினார்.
மறுநாள் ஏணியோடு ஆறு பேர்.

இறக்கும்போது உதிர்ந்தவை:
டிராம் சீட்டுகள், ஊக்குகள், ஒற்றைத் தோடு,
பிறகு மழையாய், சுருட்டிச் செருகிய பிட்டுகள்.
எறும்பெழுத்தில் தூண் வளையும் சூத்திரம்,
பாதிக்கு மேல் மாறிலி தவறு.
(அதை வைத்து எழுதியவர்கள் கட்டிய பாலங்களில்
நான் வண்டி ஓட்டியிருக்கலாம்.)
ஒன்று என் கையெழுத்துப் போலிருந்தது.
விரித்துப் பார்க்காமல்
பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை தெரிந்தது.
மூன்றாம் மாடியில் நாற்காலி இழுத்தால்
கீழே பல் கூசியது.
வியெஸ்வாவா கை நழுவவிட்ட 212-ஆம் எண் வில்லை
டீன் அறைவரை உருண்டு கேட்டது.
கொர்னேலியா ஜன்னலோரம் போனில்,
'இல்லைம்மா, நல்லாத்தான் எழுதினேன்,
நிஜமா நல்லாத்தான்'
என்று மெல்லச் சொன்னதை
நாற்பது பேர் கேட்டோம்.
நாற்பது பேரும் அவரவர் காலணியைப் பார்த்தோம்.
அத்தனை வருடமும் இதையெல்லாம்
எது வாங்கி வைத்துக்கொண்டிருந்தது?

குழு கூடியது.
வெள்ளையடிக்கலாம் என்றார் ஒருவர்.
பெரிய திரை வைத்து
நன்கொடை நிறுவனங்களை ஓடவிடலாம் என்றார் இன்னொருவர்.
அழகு என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது.
சொன்னவரே உடனே இருமிக்கொண்டார்.
கலை என்ற தலைப்பில் காசு இல்லை.

ஒலியியல் துறை க்னியெவோமிர்
பேசவே இல்லை.
எங்களை நடைபாதைக்கு அழைத்துப்போய்
ஒரு மஞ்சள் பலூனை ஊதி
குண்டூசியால் குத்தினார்.
வெடித்தது.
வெடித்துக்கொண்டே இருந்தது.
'இரண்டு புள்ளி ஆறு விநாடி' என்றார்.
'தீ மணி அடித்தால் அறிவிப்பு புரியாது.'
பாதுகாப்புக் கணக்கில் காசு இருந்தது.
பதிவேட்டில் ஏறியது:
ஒலி உறிஞ்சி – ஒன்று. கம்பளி. பழையது.

பூச்சி சாக, உறைமீன் கிடங்கில்
மூன்று வாரம் கிடந்து,
தூசு தட்டி, ஓட்டை அடைத்து
அக்டோபரில் திரும்பியது.
லேசாக மீன் வாடை.
அதோடு, முன்பின் மாற்றி மாட்டியிருந்தார்கள்.
ஐம்பது வருடம் சுவரையே பார்த்திருந்த பக்கம்
வெளியே:
முடிச்சுகள், வெட்டாத நூல்முனைகள்,
வெயில் தொடாத சிவப்பு,
பீட்ரூட் சூப் கொதித்துப் பொங்குகிற சிவப்பு.

ஏணிக்குச் சொல்லட்டுமா என்றேன்.
வியெஸ்வாவா என் கோட்டை வாங்கி மாட்டினார்.
'இந்தப் பக்கம் இன்னும்
யார் பேச்சையும் கேட்டதில்லை.
இருக்கட்டுமே.'

வகுப்புக்கு நாலு நிமிடம் தாமதம்.
நின்று பார்த்தேன், முதல் தடவையாக.
கரடி இல்லை அது.
என்னவென்று இன்னும் பிடிபடவில்லை.
இடுப்புயரத்தில், இரண்டு முடிச்சுக்கு நடுவே
வெள்ளையாக ஏதோ துருத்தியது.
சுருட்டிய தாள். புதுசு.

நாளை நிலையியல் தேர்வு.
கண்காணிப்பாளர் நான்தான்.

சுற்றிலும் பார்த்துவிட்டு
கட்டைவிரலால் அதை
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.